வைவா: உயிருள்ள குரலால் ஒரு தேர்வு

முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவரைப் பார்த்தால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "வைவா எப்போ?" ஆய்வேட்டைப் பற்றித் தேர்வாளர்கள் கேட்பதற்கு நேரில் வாயால் பதில் சொல்லும் தேர்வுதான் அது. ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தாலும் சொல் லத்தீனுக்குரியது. முழு வடிவம் 'வைவா வோசி'. பழைய ரோமானியர் வாயில் அது ஏறக்குறைய 'வீவா வோகே' என்று ஒலித்திருக்கும்.

'வீவுஸ்' என்றால் உயிருள்ள. 'வோக்ஸ்' என்றால் குரல். நம் மூன்றாம் வேற்றுமையின் 'ஆல்' செய்கிற வேலையை லத்தீனில் சொல்லின் ஈறே செய்துவிடும். ஆக, 'வீவா வோகே' என்பதன் நேர்ப்பொருள் 'உயிருள்ள குரலால்'. ஏட்டில் படிப்பதைவிட உயிருள்ள குரல் மனத்தை ஆழமாகத் தொடும் என்பது ரோமில் வழங்கிய பேச்சு. ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி தன் கடிதம் ஒன்றில், எல்லாரும் சொல்வதுதானே என்று குறிப்பிட்டே அதைச் சொல்கிறார்.

இந்தச் சொல்லின் உறவுக்காரர்கள் நமக்கும் பழக்கமானவர்கள். 'வீவுஸ்', வடமொழி 'ஜீவ' இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் பிறந்தவை. 'வோக்ஸ்', 'வாக்' இரண்டும் அப்படியே. சீவன், வாக்கு என்று தமிழில் புழங்கும் சொற்கள் வடமொழி வழி வந்தவை. ஆனால் 'வாய்' திராவிடச் சொல். ஒலி ஒத்திருக்கிறதே என்று அதையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடக் கூடாது.

கிரேக்க, லத்தீன் செவ்வியல் படிப்பில் இந்தத் தேர்வுக்குத் தனி இடம் உண்டு. ஆக்ஸ்போர்டில் ஒரு காலத்தில் பட்டத் தேர்வே வாய்வழிதான். பின்னாளில் பிரிட்டன் பிரதமரான ராபர்ட் பீல் 1808இல் செவ்வியலிலும் கணிதத்திலும் முதல் வகுப்பு வாங்கியது அந்த முறையில்தான். எழுத்துத் தேர்வு மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்தது. இப்போது அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுத்தவர், தேர்வுக்குரிய அங்கி அணிந்து இரண்டு தேர்வாளர்கள் முன் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆய்வேட்டுக்கு முன்பே கடக்க வேண்டியவை நிறைய. கிரேக்கத்திலிருந்தும் லத்தீனிலிருந்தும் அகராதி இல்லாமல் மொழிபெயர்க்கும் தேர்வு, பெரும்பாலும் ஜெர்மனும் பிரெஞ்சும் அல்லது இத்தாலியும் படித்துப் புரிந்துகொள்ளும் தேர்வு, அப்புறம் இலக்கியம், வரலாறு பற்றிய வாய்மொழித் தேர்வு. 19ஆம் நூற்றாண்டின் பெரிய செவ்வியல் ஆய்வுகளில் பெரும்பகுதி ஜெர்மனில் எழுதப்பட்டதால் அந்த மொழியைத் தவிர்க்க முடியாது.

மொழியில் சிலவற்றைக் குரலில்தான் சோதிக்க முடியும். ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் 'ஈனியட்' காவியத்தில் 'அர்மா விரும்க்வே கானோ' என்ற தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். 'படைக்கலங்களையும் அந்த மனிதனையும் பாடுகிறேன்' என்று பொருள் எழுதிவிடலாம். ஆனால் அந்த அடியின் ஆறு சீர்களும் நெடிலும் குறிலும் பிசகாமல் விழுகின்றனவா என்பது வாய்விட்டுப் படிக்கும்போதுதான் தெரியும். வெண்பாவை அலகிட்டுப் படித்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'நேர்முகத் தேர்வு' என்று சிலர் எழுதுகிறார்கள். அது வேலைக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூவுக்குப் பழகிப்போன சொல். முகம் பார்ப்பதுதான் அதில் இருக்கிறது, குரல் இல்லை. 'வாய்மொழித் தேர்வு' என்பதே சரி. நம் பல்கலைக்கழக அறிவிப்புகளிலும் 'பொது வாய்மொழித் தேர்வு' என்றே வருகிறது.

'உயிருள்ள' என்ற பாதி இதில் விடுபட்டுப் போகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதற்கு ஈடாக வேறொன்று கிடைக்கிறது. பழந்தமிழில் 'வாய்மொழி' என்றால் வாயால் பேசுவது மட்டுமல்ல, பொய்க்காத சொல்லும்கூட. அகநானூற்றின் 78ஆம் பாட்டில் நக்கீரனார் 'வாய்மொழிக் கபிலன்' என்று பாடுகிறார். உண்மையே பேசும் கபிலர் என்பது அங்கே பொருள். எழுத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள இடமில்லாத அந்த மேசையின் முன், 'இதை நீங்கள்தான் கண்டீர்களா, எப்படிக் கண்டீர்கள்?' என்று கேட்கும்போது வரவேண்டிய பதில் அந்த வாய்மொழிதான்.