சும்மா உட்கார்ந்திருக்கும் டீச்சரும் பத்து உருளைகளும்

"குழந்தை தப்பாகச் செருகுகிறது. டீச்சர் பக்கத்திலேயே இருந்தும் வாயைத் திறக்கவில்லை. இதற்கா ஃபீஸ்?" மாண்டிசோரி வகுப்பை எட்டிப் பார்த்த ஒரு அப்பாவின் கேள்வி இது. நியாயமான கேள்விதான். பதிலுக்கு மேஜை மேலுள்ள மரக்கட்டையைப் பார்க்க வேண்டும்.

உருளைக் கட்டைகள் மொத்தம் நான்கு. ஒவ்வொன்றிலும் பத்துக் குழி, பத்து உருளை, உருளையின் தலையில் ஒரு குமிழ். 1939இல் இந்தக் கல்விமுறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர் பயிற்சி தொடங்கியதால், சென்னைக்கு இவை பழைய சொந்தம். டீச்சர் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலால் குமிழைப் பிடித்து எல்லாவற்றையும் வெளியே எடுப்பார், கலைப்பார், ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பார். பேச்சு கிடையாது. பென்சிலுக்கும் இதே மூன்று விரல்தான். இடது கையால் எடுக்கும் குழந்தையை "பீச்சாங்கை" என்று தடுப்பது வெறும் மூடநம்பிக்கை. அது மூளையின் ஏற்பாடு, விட்டுவிடுங்கள்.

இனி ரசிக்க வேண்டிய இடம். ஒரு கட்டையில் உயரம் எல்லாம் சமம், தடிமன் மட்டும் சுமார் அரை சென்டிமீட்டர் வீதம் மாறும். பத்து உருளைகளைப் பத்துக் குழிகளுக்குப் பங்கிட 36,28,800 வழிகள். ஆனால் பத்தும் உள்ளே போவது ஒரே ஒரு வழியில்தான். ஏன்? மிகத் தடித்த உருளைக்கு மிக அகலமான குழியைத் தவிர வேறு இடமில்லை. அது போனதும் அடுத்ததற்கும் அதே நிலை. இப்படியே கடைசிவரை.

குழந்தை மெல்லிய உருளையை அடுத்த பெரிய குழியில் போடுகிறது. லொடலொடவென ஆடினாலும் உள்ளே போய்விடுகிறது. அதற்குரியது அதற்கடுத்த குழிக்கு. இப்படி ஒன்பது சின்னத் தப்புகள், எதுவும் கண்ணில் படாது. கடைசியில் கையில் மிஞ்சுவது இருப்பதிலேயே குண்டான உருளை, காலியாக இருப்பது இருப்பதிலேயே ஒல்லியான குழி! தப்பு தெரியும் இடம் ஒன்று, நடந்த இடம் வேறு. குழந்தை பின்னோக்கித் தேடியாக வேண்டும். அந்த நேரத்தில் "அது இல்லடா கண்ணா" என்று டீச்சர் சொன்னால், தேடல் அங்கேயே செத்துப்போகும்.

உயரம் மட்டும் மாறும் கட்டையில் கதை வேறு. எந்த உருளையும் எந்தக் குழியிலும் இறங்கும், ஒன்றும் மிஞ்சாது. ஆனால் ஒன்று புகைபோக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், இன்னொன்று குமிழ்கூடக் கைக்கு எட்டாமல் முங்கிக் கிடக்கும். கட்டையைக் கவிழ்த்துத்தான் எடுக்க வேண்டும். சரியான இடத்தில் போட்டால் "சபாஷ்" என்று கத்தும் பேட்டரி பொம்மைகளுக்குக் கொட்டும் பணத்தை இதில் போடலாம் என்பது என் கட்சி.

மரத்துக்கும் எதிரி உண்டு. ஐப்பசி மழையில் ஈரம் குடித்த மரம் நார் ஓடும் திசையில் அநேகமாக நீளாது, குறுக்கே உப்பும். அதுவும் எல்லாப் பக்கமும் சமமாக அல்ல. வட்டம் நீள்வட்டமாகி, சரியான உருளையே சரியான குழியில் இறுகும். குழந்தை தன் மேல்தான் தப்பென்று நினைத்துக்கொள்ளும். நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். அதிகம் தேய்த்தால் சரியான பொருத்தமும் தப்பான தளர்வும் ஒன்றுபோலாகிவிடும். ஒரு உருளை தொலைந்தால் அந்தக் கட்டையை அலமாரியிலிருந்தே எடுத்துவிட வேண்டும்.

அதனால் பிள்ளைகள் வருமுன் டீச்சருக்கு ஒரு வேலை: நாற்பதையும் ஒவ்வொன்றாக இறக்கி, மேலே உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது.