சிலையைப் படம் எடுக்கலாம், கலண்டரில் அடித்து விற்கலாமா?

கல்யாணப் படம் எடுக்கிற என் மருமகன் போன மார்கழியில் ஒரு கலண்டர் அடிக்க வெளிக்கிட்டான். பன்னிரண்டு தாள், எல்லாம் யாழ்ப்பாணத்துச் சந்திகளும் சிலைகளும். அச்சகத்தில் புரூப் பார்க்கும்போது யாரோ "அனுமதி எடுத்தனீரோ?" என்று கேட்டுவிட்டார்கள். அங்கே தொடங்கியது அலைச்சல். ஒரு கந்தோரில் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போகச் சொன்னார்கள். கச்சேரியில் "உது எங்கட வேலை இல்லைத் தம்பி" என்றார்கள். மூன்றாவது இடத்தில் "ஐயா லீவு, திங்கள் வாங்கோ." கலண்டர் வந்தபோது தைப்பொங்கல் முடிந்துவிட்டது. பொங்கலுக்குப் பிறகு கலண்டர் யார் வாங்குவது?

இதில் பெரிய வேடிக்கை, அவன் ஏறி இறங்கிய எந்தக் கந்தோருக்கும் அந்த அனுமதியைக் கொடுக்கும் உரிமை இல்லை.

இலங்கையில் இதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். சிலையின் பதிப்புரிமை, அதாவது அதைப் பிரதி எடுக்கவும் வெளியிடவும் அனுமதி கொடுக்கும் உரிமை, சிற்பியுடையது. அவர் வாழும் வரையும், இறந்து 70 வருடம் வரையும் அது இருக்கும். வேண்டுமென்றே மீறினால் 5 லட்சம் ரூபாய் வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது யூடியூப்பில். தமிழ்நாட்டு வக்கீல் ஒருவர் "பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையைப் படம் எடுத்து வெளியிடலாம்" என்று சொல்வார். அவர் சொல்வது சரிதான், இந்தியாவின் 1957 சட்டத்தில் அப்படி விதிவிலக்கு இருக்கிறது. நமது 2003 சட்டத்தில் அது இல்லை. இங்கே முக்கியமாக இருப்பது நியாயமான பயன்பாடு என்ற பிரிவு: விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்றவை. விற்பனைக்கு அடிக்கும் கலண்டரையும் டீசேர்ட்டையும் அதற்குள் நுழைப்பது கஷ்டம். வீட்டு ஆல்பத்தில் இருக்கிற படத்துக்காக யாரும் உங்களைத் தேடி வரப்போவதில்லை.

அடுத்தது, "மாநகர சபை வைத்த சிலைதானே, பொதுச் சொத்து" என்ற பேச்சு. காசு கொடுத்துச் செய்வித்தால் சிலைதான் கைக்கு வரும், பதிப்புரிமை தானாகச் சேர்ந்து வராது. அதை எழுத்தில், கையெழுத்தோடு மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். சிற்பி சம்பளத்துக்கு வேலை செய்தவர் என்றால் மட்டும் கதை வேறு, அப்போது உரிமை முதலாளிக்குப் போகலாம். ஆகவே கந்தோரில் யாராவது "நாங்கள் கடிதம் தாறம்" என்றால், "சிற்பி உங்களுக்கு எழுதித் தந்த ஒப்பந்தம் இருக்கோ?" என்று முதலில் கேளுங்கள். அது இல்லாமல் அவர்கள் தரும் கடிதம் உங்களைக் காப்பாற்றாது.

சிற்பியைக் கண்டுபிடிப்பதுதான் உண்மையான தலையிடி. சிலையின் அடியில் கறுப்புக் கல்லில் பொன்னெழுத்தில் திறந்து வைத்தவர் பெயர் இருக்கும், உபயகாரர் பெயர் இருக்கும், பிரதம விருந்தினர் பெயரும் இருக்கும். செதுக்கினவர் பெயரைத்தான் காணோம். உபயகாரர் வீட்டில் விசாரியுங்கள். கந்தோர் ஃபைலை விட அவர்களுக்கு ஞாபகம் அதிகம்.

இதற்காகக் கொழும்புக்கு பஸ் ஏறாதீர்கள். தேசிய புலமைச் சொத்து அலுவலகம் வர்த்தகக் குறியையும், புதுக் கண்டுபிடிப்புக்கான காப்புரிமத்தையும் பதியும் இடம். பதிப்புரிமைக்குப் பதிவே கிடையாது. "பதிந்து தருகிறேன்" என்று யாராவது காசு கேட்டால் அப்படியே எழும்பி வாருங்கள்.

பழையவற்றில் வேறு சிக்கல். 1875இல் வேல்ஸ் இளவரசர் வந்ததன் நினைவாக எழுந்த யாழ்ப்பாண மணிக்கூட்டுக் கோபுரத்துக்கோ, கோட்டைக்கோ, மந்திரிமனைக்கோ பதிப்புரிமைப் பயம் வேண்டாம். ஆனால் தொல்பொருள் இடங்களில் வணிகப் படப்பிடிப்பு என்றால் தொல்பொருளியல் திணைக்களத்தைக் கேட்டாக வேண்டும். மேலே ஏறி நிற்கவே நிற்காதீர்கள். ஹொரவப்பொத்தானைப் பக்கம் ஒரு பழைய தூபியில் ஏறிப் படம் எடுத்த பல்கலைக்கழக மாணவர்கள் 2019இல் கைதானார்கள். நல்லூர்க் கோயிலுக்குள் படம் எடுக்க விடாதது கோயிலின் ஒழுங்கு. அதற்கும் பதிப்புரிமைக்கும் சம்பந்தம் இல்லை, வாசலில் நின்று சட்டம் பேசிப் பயனும் இல்லை.

சிற்பி கிடைத்தால் ஒரே தாளில் முடியுங்கள்: எந்தப் படம், எத்தனை பிரதி, எந்த வருடம், எவ்வளவு காசு, அவர் பெயர் எங்கே அச்சாகும். இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். தொலைபேசியில் "ஓம், அடியுங்கோ" என்று சொன்னதை நம்பி அச்சகத்துக்கு முற்பணம் கட்டாதீர்கள்.