9007199254740993-ஐ எக்செல்லில் அடித்துப் பாருங்கள்

மறுபடியும் ஒரு சம்பளப் பட்டியல். 16 இலக்கக் கணக்கு எண்கள், அத்தனையும் பூஜ்யத்தில் முடிகின்றன. கூடவே "செல்லை அகலமாக்கினால் சரியாகிவிடும்" என்று ஒரு குறிப்பு வேறு. ஆகாது.

ஒரு காலி செல்லில் 9007199254740993 என்று அடியுங்கள். ஃபார்மேட்டை நம்பர் என்று மாற்றி, தசமத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள்: 9007199254740990. இதே எண்ணை உலாவியின் கன்சோலில் (நிரல் அடித்துப் பார்க்கும் இடம்) அடித்தால் 9007199254740992. இரண்டுமே தப்பு, ஆளுக்கொரு விதமாக.

2-இன் 53-ஆம் அடுக்கு 9007199254740992. நாம் அடித்தது அதைவிட ஒன்று கூட. இரும எண்ணாக எழுதினால் முதலில் 1, நடுவே 52 பூஜ்யம், கடைசியில் 1, ஆக 54 பிட் (இரும இலக்கம்). எக்செல்லும் உலாவியும் எண்களை வைத்துக்கொள்ளும் பொதுத் தரமான ஐஈஈஈ 754-இன் 64 பிட் வடிவத்தில் முழு எண்ணுக்குக் கிடைப்பது 53 பிட்தான். அதனால் இந்த எல்லையைத் தாண்டினால் ஒற்றைப்படை எண்களுக்கு இடமில்லை. 54-ஆம் அடுக்கைத் தாண்டினால் நான்கின் மடங்குகள் மட்டுமே. (இலக்கங்களைக் கூட்டினால் 78, எனவே எண் 3-ஆல் வகுபடும். உலாவியோ மீதி 2 என்று அடித்துச் சொல்லும்.)

எக்செல் இன்னும் கறார். 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும், மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். ஆதார் எண் 12 இலக்கம் என்பதால் தப்பித்துவிடுகிறது. அதைப் பார்த்துத்தான் எல்லாம் நன்றாக இருப்பதாக நம்புகிறார்கள். 16 இலக்கக் கார்டு எண் தப்பாது.

இது காட்சிக் கோளாறு இல்லை, ஐயா. என்டர் தட்டிய நொடியே கடைசி இலக்கம் போய்விட்டது. பிறகு டெக்ஸ்ட் என்று மாற்றினாலும், முன்னால் ஒற்றை மேற்கோள் போட்டாலும், வேறு கோப்பாகச் சேமித்தாலும் அந்தப் பூஜ்யம் பூஜ்யமாகவேதான் இருக்கும். மூலக் கோப்பு இருந்தால்தான் மீட்சி. அதைத் தயவுசெய்து அழிக்காதீர்கள்.

நெடுவரிசையை முதலில் டெக்ஸ்ட் ஆக்குங்கள், பிறகு எண்களை ஒட்டுங்கள். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பு) டபுள் கிளிக் செய்து திறக்கவே கூடாது. டேட்டா மெனுவில் ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி, அதில் ட்ரான்ஸ்ஃபார்ம் டேட்டா, அங்கே அந்த நெடுவரிசையின் வகையை டெக்ஸ்ட் ஆக்குங்கள். பழைய வகையை மாற்றவா என்று கேட்டால் ரீப்ளேஸ் கரன்ட் என்பதை அழுத்துங்கள். புதிய படியாகச் சேர்த்தால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போகும்.

டெக்ஸ்ட் ஆக்கியும் மாட்டுகிற இடம் ஒன்று உண்டு: ஒரு மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் கவுண்ட்இஃப் சூத்திரம். டெக்ஸ்டையும் எண்ணாக எடுத்துக்கொண்டு 15 இலக்கம்தான் ஒப்பிடும். கடைசி இலக்கம் மட்டும் வேறான இரண்டு கணக்குகளை ஒன்று என்று சொல்லும். அதை நம்பி ஒருவரின் வரிசையையே பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். அதற்குப் பதிலாக சம்ப்ராடக்ட் சூத்திரத்துக்குள் சமக்குறி போட்டு ஒப்பிடுங்கள்.

நிரல் எழுதுகிறவர்களே, டேட்டாபேஸில் பிக்இன்ட் (பெரிய முழு எண் வகை) சரியாகத்தான் இருக்கிறது. ஜேசனில் (தரவை அனுப்பும் உரை வடிவம்) மேற்கோள் இல்லாமல் அனுப்பினால் உலாவி பிரிக்கும்போதே எண் கெட்டுவிடும். அதற்குப் பிறகு பிக்இன்ட்டாக மாற்றுவது வீண். அடையாள எண்ணை ஸ்ட்ரிங்காக அனுப்புங்கள். அதைக் கூட்டவா போகிறீர்கள்?