ராத்திரி ஒன்றும் சாப்பிடவில்லை, காலையில் 190 எப்படி வந்தது?

போன திங்கட்கிழமை கிளினிக் திறந்ததும் முதல் ஆளாக ஓர் அக்கா வந்து உட்கார்ந்தார். யாங்கோனுக்குப் பக்கத்து ஊரான தன்லினிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார். துணிப்பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் மிஷினை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். பர்மாவில் பெண் டாக்டரை 'சயாமா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சயாமா, இது கெட்டுப்போச்சு. ராத்திரி ஒரு பருக்கை சோறு தொடலை. காலையில குத்திப் பார்த்தா 190 காட்டுது. பட்டினி கிடந்த உடம்புல சர்க்கரை எங்கேருந்து வரும்?"

அவர் காலையிலும் எதுவும் சாப்பிடாமல்தான் வந்திருந்தார். என் மிஷினில் பார்த்தேன். 186. அவருடைய மிஷினில் ஒரு கோளாறும் இல்லை.

யாங்கோனில் பல வருடமாக நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். இந்தக் கேள்வியை மாதம் தவறாமல் யாராவது கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சர்க்கரை வாய் வழியாக மட்டுமே உள்ளே வருகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இங்கே சர்க்கரை நோயின் பெயரும் அந்த நினைப்புக்குத் துணை போகிறது. பர்மிய மொழியில் 'சீ சோ' என்றால் இனிக்கிற சிறுநீர். டீக்கடையில் 'சோ செயின்' என்று கேட்டால் டின் பாலை ஊற்றி இனிப்பாகக் கலக்கித் தருவார்கள். இரண்டிலும் அதே 'சோ'. டீயில் உள்ள சோவை நிறுத்தினால் சிறுநீரில் உள்ள சோவும் போய்விடும் என்று கணக்குப் போடுகிறார்கள்.

டீயைக் குறைப்பது நல்லதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. சர்க்கரை அளவு 100 என்றால், அதாவது 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம் என்றால், அந்த 5 லிட்டரிலும் சேர்த்து வெறும் 5 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரே ஒரு டீஸ்பூன். டின் பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. ஒரு கப் டீக்குள் இரண்டு மூன்று கரண்டி டின் பால் போனால், ரத்தம் முழுவதிலும் இருப்பதைப் போலப் பல மடங்கு ஒரே மூச்சில் உள்ளே இறங்குகிறது. நல்ல உடம்பு அதையும் இரண்டு மணி நேரத்தில் சமாளித்து, பழைய அளவுக்குக் கொண்டு வந்துவிடும்.

சரி, அக்காவின் கேள்விக்கு வருகிறேன். நாம் தூங்கும்போது மூளை தூங்குவதில்லை. ஒரு நாளைக்கு அதற்கு மட்டும் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். ரத்தத்தில் இருக்கிற 5 கிராம் எந்த மூலைக்கு? மிச்சத்தைக் கொடுப்பது கல்லீரல். ஊரில் நெல் கொட்டி வைக்கும் குதிர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் மீதமாகும் சர்க்கரையைக் கல்லீரல் கிளைக்கோஜன் என்ற பொருளாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. பட்டினி நேரத்தில் அதை உடைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடுகிறது. குதிர் காலியாகிக்கொண்டே வந்தால் புரதத்திலிருந்து புதிதாகவும் சர்க்கரை செய்துகொள்ளும். க்ளோட் பெர்னார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1857இலேயே கிளைக்கோஜனைப் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார். இத்தனை வருடம் ஆகியும் இந்த விஷயம் நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

குதிரின் கதவுக்குக் காவல் இரண்டு பேர், இருவருமே கணையத்திலிருந்து வருகிறவர்கள். சர்க்கரை ஏறினால் இன்சுலின் வந்து கதவைச் சாத்தும். தசைகளுக்குள் சர்க்கரை நுழையவும் அதுவே வழிவிடும். சர்க்கரை இறங்கினால் குளுக்ககான் வந்து கதவைத் திறக்கும். நமக்குப் பெரும்பாலும் வருகிற இரண்டாம் வகை நீரிழிவில், இன்சுலின் சொல்வதைக் கல்லீரல் காதில் வாங்குவதில்லை. ரத்தத்தில் போதுமான சர்க்கரை இருக்கும்போதே அது மேலும் மேலும் எடுத்து விட்டுக்கொண்டிருக்கிறது. விடியற்காலையில், நம்மை எழுப்பத் தயாராகும் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்களும் சேர்ந்து அதை இன்னும் தூண்டிவிடும். அப்புறம் 190 வராமல் என்ன செய்யும்?

அக்காவிடம் இன்னொன்றும் கேட்டேன். "ராத்திரி மாத்திரை போட்டீங்களா?" அவர் தயங்கினார். "சாப்பிடாதப்போ மாத்திரை எதுக்கு சயாமா?" அவர் விட்டது மெட்ஃபார்மின். கல்லீரல் சர்க்கரையை அள்ளி விடாமல் தடுக்கிற மாத்திரையே அதுதான். குதிரின் கதவைப் பிடித்துக்கொண்டிருந்த கையை அவரே எடுத்துவிட்டிருக்கிறார். ராத்திரி கொஞ்சம் சோறு, நிறையக் காய், மீன், அதோடு மாத்திரை, சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிட நடை என்று எழுதிக் கொடுத்தேன். தசை வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். கரண்ட் இல்லை, தெரு இருட்டு என்றால் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம்.

'சீ சோ' என்ற பெயரால் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. சிறுநீரில் எறும்பு மொய்த்தால்தான் சர்க்கரை நோய் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரத்தத்தில் ஏறக்குறைய 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் சர்க்கரையை வெளியே விடும். வெறும் வயிற்றில் 126 இருந்தாலே நோய். இந்த இரண்டுக்கும் நடுவே எறும்பும் வராது, வலியும் வராது. கண்ணும் சிறுநீரகமும் மட்டும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும். அதனால் நாற்பது வயதானவர்கள், அப்பா அம்மாவுக்கு இருந்தவர்கள், வருடத்துக்கு ஒரு தடவையாவது ரத்தத்தில் பாருங்கள்.

எனக்குப் பெரிய பயம் வேறொன்று. அது 190 அல்ல, 40க்குக் கீழே.

சில வருடங்களுக்கு முன், தீமிதி பார்க்க ஒரு அம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். மஞ்சள் வேட்டியும் கையில் காப்புமாக ஒரு பெரியவர் தூணோரம் நின்றிருந்தார். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. வேர்வையில் விபூதி கரைந்து வழிந்தது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ முனகினார். சுற்றி நின்றவர்கள் சாமி வந்துவிட்டது என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் அந்த அம்மனைக் கும்பிடுகிறவள்தான். ஆனால் அவர் நெற்றியைத் தொட்டபோது ஜில்லென்று இருந்தது. பையில் இருந்த மிஷினால் பார்த்தேன். 38.

முந்தின நாளிலிருந்து விரதம், சர்க்கரை மாத்திரையை மட்டும் விடவில்லை. அவர் போட்டது கிளிபென்கிளமைடு. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அந்த மாத்திரை பார்க்காது, கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும். அந்த இன்சுலின் குதிரின் கதவை இறுக்கிச் சாத்திவிடும். வாய் வழியாகவும் வரவு இல்லை, கல்லீரலிலிருந்தும் இல்லை. மூளைதான் முதலில் தவிக்கும்.

அவரால் விழுங்க முடிந்தது, நல்லவேளை. கோயிலில் கரைத்து வைத்திருந்த பானகத்தில் ஒரு டம்ளர் கொடுத்தோம். பதினைந்து நிமிடம் கழித்து 72. முகம் தெளிந்து, "என்னம்மா ஆச்சு?" என்றார். அதோடு விடவில்லை. இந்த மாத்திரையின் வேகம் பல மணி நேரம் நிற்கும், சர்க்கரை திரும்பவும் இறங்கும். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி குளுக்கோஸ் ஏற்றிப் பார்த்துக்கொண்டார்கள். நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

விரதத்தை விடச் சொல்லி நான் யாரையும் கேட்பதில்லை. காப்புக் கட்டுவதற்கு ஒரு மாதம் முன்னால் என்னிடமோ உங்கள் டாக்டரிடமோ வாருங்கள். எந்த மாத்திரையை நிறுத்தலாம், எதை மாற்றலாம், பழமும் மோரும் எந்த நேரத்தில் எடுக்கலாம் என்று உட்கார்ந்து பேசுவோம். சில பேருக்கு வேண்டாம் என்றும் சொல்வேன், காரணத்தோடு. வரும்போது மாத்திரை அட்டையைக் கொண்டுவாருங்கள். கடையில் நாலு நாலாக வெட்டிக் கொடுப்பதில் பெயர் போய்விடுகிறது. 'சின்னதா வெள்ளையா இருக்கும்' என்றால் அது மெட்ஃபார்மினா கிளிபென்கிளமைடா என்று என்னால் சொல்ல முடியாது. வாங்கும்போதே பெயர் இருக்கிற பக்கத்தையும் சேர்த்து வெட்டித் தரச் சொல்லுங்கள்.