அல்பம்: சொல் விளக்கம்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் லெனார்ட் கோஹனின் முதல் அல்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். 1967இல் வந்தது, பத்துப் பாட்டு. எனக்கு அது அறிமுகமாகி ஒரு கிழமைதான் ஆகிறது. அந்தக் கனடாக் கவிஞர் நான்கு கவிதை நூல்களும் இரண்டு நாவல்களும் எழுதிய பிறகே கிற்றாரோடு பாட வந்தவர். முதல் பாட்டே முந்தைய ஆண்டு அவருடைய நூலில் கவிதையாக வெளிவந்ததுதான். மனம் நிறைந்துபோய், "என்ன அருமையான அல்பம், அம்மம்மா" என்றேன்.

"ஆற்றை கலியாணத்து அல்பம்?" என்று கேட்டார்.

சரியான கேள்வி. கலியாண அல்பம், முத்திரை அல்பம் என்றுதான் நாமும் சொல்லி வளர்ந்தோம். (தமிழ்நாட்டில் 'ஆல்பம்' என்று நீட்டுவார்கள். அங்கே பேச்சில் 'அல்பம்' என்றால் அற்பம்.) படம் ஒட்டுகிற புத்தகத்துக்கும் பாட்டுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது?

லத்தீனில் 'அல்பஸ்' என்றால் வெள்ளை. ரோமர்கள் பொது அறிவித்தல்களை எழுதிவைத்த வெள்ளைப் பலகைக்கு 'அல்பம்' என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மாணவர்கள் நண்பர்களிடம் கையெழுத்தும் வாசகமும் வாங்கிய வெற்றுப் புத்தகத்துக்கு அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. பள்ளிக்கூடத்தின் கடைசி நாட்களில் நாம் நீட்டிய ஓட்டோகிராப் புத்தகம் மாதிரித்தான். பிறகு முத்திரை, ஒளிப்படம்.

இசைக்கு அது வந்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் பதியலாம். நீண்ட இசை என்றால் பல தட்டுகள் வேண்டும். அவற்றைக் காகித உறைகள் வைத்துக் கட்டிய தடித்த புத்தகத்தில் செருகி விற்றார்கள். பார்த்தால் பட அல்பமேதான். 1948இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேரம் ஓடும் இசைத்தட்டைக் கொண்டுவந்ததும் எல்லாம் ஒரே தட்டில் அடங்கிவிட்டது. புத்தகம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

தமிழில் நாம் பெரும்பாலும் பாட்டு அடைபட்டிருந்த பொருளுக்கே பெயர் வைத்தோம்: இசைத்தட்டு, ஒலிநாடா, ஒலிப்பேழை, அப்புறம் சீடிக்கு இறுவட்டு. இறுவட்டு அழகான சொல். இறுகிச் சிறுத்த வட்டு. ஈழத்தில் அது நன்றாக ஊன்றியும்விட்டது, 'இறுவட்டு வெளியீடு' என்ற அழைப்பிதழ் கொழும்பில் எத்தனையோ பேர் கைக்கு வந்திருக்கும். ஆனால் கைபேசியில் கேட்கிற பாட்டுக்கு வட்டு ஏது?

பத்திரிகைகள் எழுதும் 'இசைத்தொகுப்பு' பிழையில்லை. என்றாலும் என் காதுக்கு அது, யாரோ அங்கும் இங்குமாகப் பொறுக்கிச் சேர்த்ததுபோல ஒலிக்கிறது. ஒருவரே எழுதி, மெட்டமைத்து, பாடி, எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்றும் யோசித்து அடுக்கிய ஒன்றுக்குப் 'பாடல்தொகை' என்பதே பொருந்தும் என்பேன். எட்டுத்தொகை, குறுந்தொகை, கலித்தொகை என்று நம்மிடம் ஏற்கெனவே புழங்கும் சொல்தானே. பலர் பாடியதற்குத்தானே அது என்று சிலர் கேட்கலாம். தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூலின் பழைய உரை, ஒருவர் பாடிய தொகைக்குத் திருக்குறளையும் பலர் பாடியதற்கு நெடுந்தொகையையும் (அகநானூறு) காட்டுகிறது. அளவால் தொகுத்தது குறுந்தொகை, பாவகையால் தொகுத்தது கலித்தொகை. தொகை என்றால் காசும்தான் நினைவுக்கு வரும், உண்மை. 'பாடல்' முன்னே நின்றால் அந்தக் குழப்பம் இல்லை.

'சிங்கிள்' என்று தனியாக வெளிவரும் பாட்டுக்கும் அதே தண்டியலங்காரத்தில் ஒரு பெயர் இருக்கிறது. தனித்து நின்று பொருள் முடிகிற செய்யுளை அது முத்தகம் என்கிறது.