வீட்டோடு சண்டை போடாத கிறிஸ்துமஸ் அலங்காரம்

டிசம்பர் பிறந்ததும் கடைக்குப் போய்க் கண்ணில் பட்ட சிவப்பையும் வெள்ளியையும் அள்ளி வருவது, அப்புறம் எங்கே தொங்கவிடலாம் என்று யோசிப்பது. பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது. வரிசையை மாற்றுங்கள். வாங்கும் முன் ஒரு நாள் மாலை ஏழு மணிக்குக் கூடத்து விளக்குகளைப் போட்டுவிட்டு, வாசலில் நின்று செல்போனில் ஒரு படம் எடுங்கள். தரை, மரச்சாமான், சுவர், திரைச்சீலை என்று அதிக இடத்தை அடைத்திருக்கும் இரண்டு மூன்று நிறங்கள் அதில் தெரியும். அலங்காரத்துக்கு மூன்று நிறம் போதும். அதில் ஒன்றாவது அந்தப் படத்திலிருந்து வர வேண்டும்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துப் பழைய வீடுகளைப் பாருங்கள். சிவப்பு ஆக்சைடு தரை, தேக்குக் கதவு, மேலே உத்தரமும் கட்டைகளும், சுண்ணாம்புச் சுவர். இங்கே சிவப்புப் பந்து, சிவப்பு ரிப்பன் எதுவும் எடுபடாது. தரையே அந்த நிறத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. பித்தளை, மங்கலான தங்க நிறம், பச்சை இலை மூன்றும் சேர்ந்தால் வீடு எழுந்து நிற்கும். சிலுவை வைத்த குத்துவிளக்கு பல தேவாலயங்களில் பீடத்தருகே நிற்கிறது. வீட்டில் இருந்தால் துலக்கி முன்னால் வையுங்கள். உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூவும் மிதக்கும் மெழுகுவர்த்தியும் விடலாம். செயற்கைப் பனி ஸ்பிரே மட்டும் வேண்டாம். ஆக்சைடு தரையிலும் ஆத்தங்குடிக் கல்லிலும் அது விட்டுப்போகும் திட்டைப் பொங்கலுக்கும் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இந்த வீடுகளில் அதிகம் கெடுவது சுவர். சுண்ணாம்பு அடித்த சுவரிலும் டிஸ்டெம்பர் சுவரிலும் ஒட்டும் கொக்கி நிற்காது. பசை பிடிப்பது சுவரை அல்ல, மேலே பூத்திருக்கும் மாவை. இரவில் கொக்கி விழும்போது ஒரு பத்தையும் கூடவே வரும். எமல்ஷன் சுவரில் நிற்கும். ஆனால் புதுப் பெயிண்டுக்குக் குறைந்தது ஒரு வாரம் விட வேண்டும். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு பெயிண்ட் அடித்து மறுநாளே கொக்கி ஒட்டினால் பெயிண்ட் தோலாக உரிந்து வரும். இதற்கெல்லாம் பதில் ஜன்னல் கம்பிக்கும் கதவுக்கு மேலுள்ள ஆணிக்கும் இடையே மீன்பிடிக்கும் தங்கூசி நரம்பை இழுத்துக் கட்டி, அதில் தொங்கவிடுங்கள். நரம்பு கண்ணுக்குத் தெரியாது, சுவருக்கும் சேதமில்லை. கிரேப் காகிதத் தோரணம் என்றால் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளியே ஓடட்டும். வடகிழக்குப் பருவமழைக் காலம் இது; ஈரம் பட்டால் அதன் சாயம் இறங்கிச் சுண்ணாம்பில் ஊறிவிடும்.

நான்கு மூலையிலிருந்தும் தோரணம் கட்டி நடுவில் மின்விசிறியில் சேர்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. நம் ஊரில் டிசம்பரிலும் விசிறி ஓடும். தோரணம் சுவரோரமாகவே போகட்டும்.

அடுத்தது வெளிச்சம், அலங்காரம் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். கூடத்து டியூப்லைட் பெரும்பாலும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு), நீலம் கலந்த வெள்ளை. அதற்குக் கீழே 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் சீரியல் செட் எரிந்தாலும் எரிவதாகவே தெரியாது. தேக்கும் ஆக்சைடும் உள்ள வீட்டுக்கு மஞ்சள் வெளிச்சமே சரி. மாலையில் டியூப்லைட்டை அணைத்து, மூலையில் ஒரு மஞ்சள் விளக்கைப் போடுங்கள். வெள்ளைச் சுவர், சாம்பல் நிற டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங் என்றிருக்கும் அடுக்குமாடி வீட்டில் வெள்ளை வெளிச்சத்தோடு வெள்ளி அலங்காரமும் சேர்ந்தால் ஆஸ்பத்திரி வார்டுதான். அங்கேயும் மஞ்சள் வெளிச்சம், நிறைய பச்சை, ஒரே ஒரு அழுத்தமான நிறம். மரம் நான்கடி போதும். சோபாவின் முதுகுக்கு மேல் பாதி தெரிந்தாலே கூடம் நிறைந்துவிடும். ஃபால்ஸ் சீலிங்கில் கொக்கி திருகாதீர்கள்; ஜிப்சம் பலகை திருகாணியைப் பிடித்து வைக்காது. திரைச்சீலைக் கம்பி அந்த வேலையைச் செய்யும்.

மலிவான சீரியல் செட்டில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. 230 வோல்ட்டைப் பல்புகள் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று செத்துவிட்டால் அதை வெட்டியெடுத்து வயரை முறுக்கி ஒட்டுவார்கள். மிச்சமுள்ள பல்புகளின் பங்கு கூடும். இப்படி நாலைந்து வெட்டினால் மற்றவையும் ஒவ்வொன்றாகப் போகும், முறுக்கிய இடம் சூடாகும். அந்த செட்டைத் தூக்கிப் போடுவதே லாபம். பால்கனிக்கு ஐபி 44 அல்லது ஐபி 65 என்று, தண்ணீரைத் தாங்கும் திறனைக் காட்டும் குறி அச்சிட்ட செட்டையே வாங்குங்கள். மெயின் பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்த்து, அதன் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். அந்த சுவிட்ச் கீழே விழவில்லை என்றால் ஸ்டார் கட்டும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

காகித ஸ்டாருக்குள் 60 வாட் குண்டு பல்பு போடக் கூடாது. 5 வாட் எல்இடி தாராளம். ஸ்டாரை வயரிலேயே தொங்கவிட்டால் மழைநீர் வயர் வழியாகவே ஹோல்டருக்குள் இறங்கும். கயிறு தனி, வயர் தனி. வயர் ஹோல்டரை விடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலேறிப் போகட்டும். வழிந்து வரும் தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

குடிலை வீட்டின் எந்தப் பாணியோடும் ஒட்டவைக்கலாம், இருக்கிற பொருளால் கட்டினால். ஓட்டு வீட்டில் பழைய ஓடும் வைக்கோலும்; அடுக்குமாடியில் புத்தக அலமாரியின் ஒரு தட்டே குகை. தெர்மோகோலில் கட்டுகிறவர்கள் ஸ்பிரே பெயிண்ட் அடித்தால் அதிலுள்ள கரைப்பான் தெர்மோகோலை அரித்துக் குழியாக்கும். தண்ணீரில் கரைக்கும் பெயிண்ட் தேவை. புல்லுக்குக் கோதுமையை ஓர் இரவு ஊறவைத்து, டிசம்பர் 15 வாக்கில் ஈர மண்ணில் நெருக்கித் தூவுங்கள். 24க்குள் நான்கைந்து அங்குலம் வந்துவிடும். தண்ணீரைத் தெளித்தால் போதும், ஊற்றினால் பூஞ்சை பிடிக்கும். தட்டின் அடியில் பாலித்தீன் விரிக்காவிட்டால் சுதைப் பொம்மைகளின் பாதம் ஊறி உதிரும். வைக்கோலுக்கும் பஞ்சுக்கும் பக்கத்தில் மெழுகுவர்த்தி கூடாது. பஞ்சு பற்றும் வேகத்துக்கு அணைக்க நேரம் கிடைக்காது. சவுக்குக் கிளையை ஈர மணல் வாளியில் நட்டாலும் சில நாட்களில் காயத்தான் செய்யும். ஊசி இலை உதிரத் தொடங்கியதும் அதிலிருந்து சீரியல் செட்டைக் கழற்றிவிடுங்கள்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து பிரிக்கும்போது செட்டை அட்டைத் துண்டில் சுற்றி, எந்த ஜன்னலுக்கு எத்தனை மீட்டர் தேவைப்பட்டது என்று அந்த அட்டையிலேயே எழுதி வையுங்கள்.