வெட்டி வச்ச லீக்ஸ் பிரிட்ஜுக்குள்ள ஏன் வளருது?

ஞாயித்துக்கிழமை ஒரு லீக்ஸ்ல (வெங்காயக் குடும்பத்து மரக்கறி) பாதிய வறைக்கு வெட்டி எடுத்துட்டு மிச்ச அடிப்பக்கத்தை வேரோட அப்பிடியே பிரிட்ஜுக்குள்ள வச்சிட்டேன், புதன்கிழமை எடுத்துப் பாத்தா நான் தட்டையா வெட்டின இடத்துல நடு வளையம் மட்டும் நகம் அளவுக்கு வெளிய வந்து நிக்குது, பழைய ரேடியோ ஏரியலை இழுத்துவிட்ட மாதிரி.

நாம தண்டுன்னு சொல்ற அந்த வெள்ளைப் பகுதி தண்டே கிடையாதுங்க. ஒண்ணுக்குள்ள ஒண்ணா சுத்தியிருக்கிற இலைகளோட அடிப்பாகம் அது, நிஜத் தண்டு வேருக்கு மேல பொத்தான் மாதிரி கட்டியா இருக்கும், அதைத்தான் மொதல்ல நறுக்கி குப்பைல போடுறோம். புது இலை அங்க இருந்துதான் பிறக்கும், இலை நீள்றதும் அடியில இருந்துதான். வெளி இலைங்க வளந்து முடிஞ்சதுங்க, நடுவுல இருக்கிறது இளசு, மேல வெட்டினது அதுக்குத் தெரியாது, அது பாட்டுக்கு நீண்டுக்கிட்டு இருக்கு. படுக்க வச்சீங்கன்னா நுனி மேல்பக்கமா வளையக்கூட செய்யும், எது மேல எது கீழன்னு புவியீர்ப்பை வச்சு கண்டுபிடிச்சிரும். இடம் இருந்தா பிரிட்ஜ் கதவுல நிக்க வைங்க.

அதாவது பிடுங்கின பிறகும் லீக்ஸ் உசிரோடதான் இருக்கு. ஆக்சிஜனை இழுத்து தன்னோட சர்க்கரைய எரிச்சு கார்பன் டை ஆக்சைடும் தண்ணியும் சூடும் வெளிய விடுது, பிரிட்ஜுக்குள்ள சர்க்கரை செய்ய வெளிச்சம் இல்லாததால செலவு மட்டும்தான், வரவு கிடையாது. இந்த மூச்சு பொதுவா 10 டிகிரி குறைஞ்சா பாதியோ அதுக்கும் கீழயோ இறங்கிரும். சுமார் 1,868 மீட்டர் உயரத்துல இருக்கிற நுவரெலியாக் குளிர்ல வளந்த மரக்கறி லொறில இறங்கி கொழும்புல 30 டிகிரி குசினிக்கு வந்தா எவ்வளவு வேகமா மூச்சு வாங்கும்னு யோசிச்சுப் பாருங்க, அதை 4 டிகிரி பிரிட்ஜ்ல வச்சா அஞ்சுல ஒரு பங்குக்கும் கீழ போயிரும். பெரிய குளிர் அறைகள்ல 0 டிகிரியும் 95 சதவீதத்துக்கு மேல ஈரப்பதமும் வச்சு ரெண்டு மூணு மாசம் வரைக்கும் வச்சிருப்பாங்க. வீட்டுல ஒண்ணு ரெண்டு வாரம் வந்தாலே பெரிய விஷயம்.

அடுத்த எதிரி காய்றது. பச்சை இலை அகலமானது, மூச்சுத் துளை நிறைய, தண்ணிய சீக்கிரம் விட்டுரும். அதனால வாங்கி வந்ததும் பச்சைப் பகுதிய வெட்டி ரெண்டு மூணு நாளுக்குள்ள சமைச்சிருங்க (ஐரோப்பால நிறைய பேர் அதைத் தூக்கிப் போடுவாங்களாம், நம்மாளுங்க பொடியா அரிஞ்சு தேங்காப்பூ போட்டு வறை பண்றதுதான் புத்திசாலித்தனம்). வெள்ளைப் பகுதிய வேரோட ஒரு மெல்லிய துணில சுத்தி சொப்பிங் பேக்ல போட்டு கீழ மரக்கறி பெட்டில வைங்க, ஆனா வாயை இறுக்கிக் கட்டாதீங்க, உள்ள வேர்த்து தண்ணி நின்னா பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம், வழவழன்னு அழுகிரும். கழுவி வைக்காதீங்கன்னு சொல்றதும் இதுக்குத்தான். வெள்ளையா வரணும்னு தோட்டத்துல மண் அணைச்சு வளக்கிறதால இலை இடுக்கெல்லாம் மண் இருக்கும், கை பரபரக்கும்தான், சமைக்கும்போது நீளவாக்குல பிளந்து கழுவிக்கலாம். பழுத்த வாழைப்பழம், ஆப்பிள் பக்கத்துல வேணாம், அதுங்க விடுற எத்திலீன் வாயு லீக்ஸை சீக்கிரம் மஞ்சளாக்கி தளர வச்சிரும்.

வெள்ளைப் பகுதிய அரியாம முழுசா வைக்க இன்னொரு காரணம் வாசம். லீக்ஸ் செல்லுக்குள்ள கந்தகச் சேர்மம் ஒரு அறைல, அதை உடைக்கிற நொதி வேற அறைல இருக்கு, கத்தி படும்போதுதான் ரெண்டும் கலந்து அந்த வெங்காய நெடி கிளம்புது. அரிஞ்சு மூடாம வச்சா பட்டர் வரைக்கும் லீக்ஸ் வாசம்தான், எங்க வீட்டுல ஒரு தடவை பாணுக்குப் பூசி சாப்பிட்டோம், நல்லா இல்லை.

நிறைய இருந்தா கழுவி அரிஞ்சு ஈரம் போகத் துடைச்சு ஃப்ரீசர்ல போடலாம். உள்ள தண்ணி ஐஸாகும்போது செல் சுவரு கிழிஞ்சிரும், அதனால மொறுமொறுப்பு திரும்ப வராது, சூப்புக்கோ ஃப்ரைட் ரைஸுக்கோ ஐஸ் உருகுறதுக்கு முன்னாடி நேரா சட்டிக்குள்ள போட்டிரணும், வெளிய வச்சு உருக விட்டீங்கன்னா நனைஞ்ச துணி மாதிரி தொங்கும்.